உங்க நைனாகிட்ட சொல்லு

ஷீபாவும் டேனியலும் முகம் பார்த்துப் பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே குழம்பு. சண்டை போட்டுப் பிரிந்து போனவர்களாவது ஊருக்கு ஒரு பதில் சொல்ல முடியும். இவர்கள் பிரியவும் இல்லை, சேரவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மகள் ஏஞ்சலையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகத்தான் சர்ச்சுக்குக் கிளம்புவார்கள். பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது.

விஷயம் ஷீபாவின் அண்ணன் வீட்டில் நடந்தது. அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம், பிரியாணி விருந்து. பந்தல் போட விடிகாலையே வருவதாகச் சொன்ன டேனியல் டிராக்டரில் உழவு ஓட்டிவிட்டு மத்தியானம் வந்து சேர்ந்தான். "மாப்ள சாப்ட மட்டும் கரெக்டா வந்துட்டாரு" என்று மச்சான் கேலி செய்ய, கூடியிருந்த சனம் சிரித்தது. ஷீபாவும் சிரித்துவிட்டாள். டேனியல் மச்சானை விட்டுவிட்டு அவள் கன்னத்தில் அறைந்தான். பிறந்த வீட்டு ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால்.

அடுத்த ஞாயிறு ஷீபா பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டுப் பொருத்தனை பண்ணிவிட்டாள். அவன் தன் வாயால் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் அவனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. வெறும் கோபம் என்றால் நாலு நாளில் ஆறிப்போகும். ஆண்டவர் முன்னால் வாய்விட்டுச் சொன்ன பொருத்தனை அப்படி இல்லை, மீறினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். அந்தப் பயத்தில் அவளுக்கு ஒரு சௌகரியமும் இருந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வீம்பையும் பக்தியையும் ஒரே முடிச்சில் போட்டுவிட்டாள், எது எது என்று யாரும் பிரித்துக் கேட்க முடியாது. டேனியலோ, ஊர் சிரித்ததோடு கூடச் சேர்ந்து சிரித்தவளிடம் நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டான்.

ஆனால் குடும்பம் என்று ஒன்று இருந்தால் பேச்சு வேண்டுமே. அரிசி தீரும், ஆடு குட்டி போடும், யாராவது சாவார்கள். அதற்கெல்லாம் ஏஞ்சல் இருந்தாள்.

"ஏ ஏஞ்சலு, உங்க நைனாகிட்ட சொல்லு, கேஸ் தீந்துபோச்சுன்னு."

நைனா வாசலில் புங்க மரத்தடியில் உட்கார்ந்திருப்பான். சாப்பாடும் அங்கேதான். அம்மா வீட்டின் பின்கட்டில், அடுப்படியில். ஒருவர் இருக்கிற இடத்துக்கு மற்றவர் வந்துவிட்டால் இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஏஞ்சல் அடுப்படியிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து அடுப்படிக்கும் நடந்து நடந்து அந்தக் குடித்தனத்தை ஓட்டினாள். தொடங்கும்போது அவள் எட்டாவது படித்தாள். இப்போது பத்தாவது.

அவள் கொண்டுபோனதெல்லாம் கேஸும் அரிசியும் மட்டும் இல்லை. "உங்க நைனாவுக்கு வூட்டுக்கு வர்ற வழி மறந்துபோச்சான்னு கேளு" என்று, அவன் இருட்டி வருகிற நாளில் ஷீபா அனுப்புவாள். ஏஞ்சல் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்புவாள். "வேல லேட்டாயிடுச்சாம்மா. இனிமே உன்ன காத்துனு இருக்க வேணாம், சாப்ட சொல்ச்சு."

"க்கும்," என்பாள் ஷீபா. முகத்தை வெட்டிக்கொள்வாள். ஆனால் அன்றைக்குக் குழம்பில் கறி, மீன் என்று கவிச்சி இருந்தால் நல்ல துண்டாகப் பார்த்து வாசலுக்குப் போகிற தட்டில் வைப்பாள். இந்த மனுஷனுக்கு நேரில் வராத நல்ல வார்த்தை சொல்லி அனுப்பும்போது மட்டும் வருகிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்த ஆச்சரியம் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

காலாண்டுப் பரீட்சை சமயம். பள்ளிக்கூடத்துக்கு இரட்டைச் சடை போட்டு மடித்துக் கட்ட வேண்டும். ஏஞ்சல் கொஞ்ச நாளாகத் தானே பின்னிக்கொள்கிறேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நேரமாகிவிட்டதென்று ஷீபா சீப்பைப் பிடுங்கி வகிடு எடுத்தபோது, வலது காதுக்குப் பின்னால் மேலே, கட்டைவிரல் அகலத்துக்குத் தலை வழுவழுவென்று தெரிந்தது.

"அய்யோ, புழுவெட்டுடி!"

புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம். தினமும் சாயங்காலம் வெங்காயத்தை நறுக்கி அந்த இடத்தில் தேய்த்தாள். ஏஞ்சல் கண்ணில் நீர் வழிய வழிய வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். மருந்துக் கடையில் கொடுத்த களிம்பையும் போட்டுப் பார்த்தாள். இடம் குறையவில்லை, பெரிதானது. முன் நெற்றிக்கு மேல் இன்னொன்று புறப்பட்டது. பிறகு ஒருநாள் வீட்டைப் பெருக்கும்போது வாசற்கதவின் மூலையில் ஒரு கொத்து முடி அகப்பட்டது. சீப்பில் சிக்கி உதிர்ந்த முடி அப்படி இருக்காது. ஒவ்வொன்றும் வேரோடு இருந்தது.

அன்று சாயங்காலம் மறைந்து நின்று பார்த்தாள். ஏஞ்சல் கதவோரம் நின்றிருந்தாள், கண் எங்கேயோ இருந்தது. விரல் தலைக்குள் போய்த் தேடி, ஒன்றைப் பிடித்து, சுண்டி இழுத்தது. மறுபடி தேடியது. ஷீபா என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கரண்டிக் காம்பால் அந்தக் கை மேலேயே ஒரு போடு போட்டாள். "இன்னாடி பண்ற, இன்னாடி பண்ற" என்று அடித்தவளே உட்கார்ந்து அழுதாள். ஏஞ்சல் அழவில்லை. "சாரிம்மா. இனிமே பண்ணமாட்டேன்" என்றாள். மறுநாளும் பண்ணினாள்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் தோல் பார்க்கிற டாக்டர் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது புழுவெட்டு இல்லை, பெண் தானே பிடுங்கிக்கொள்கிறாள், மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு மேடம் வாரத்தில் ஒருநாள் வருகிறாராம். மானாம்பதி பஸ்ஸில் திரும்பி வரும்போது ஷீபா மகளின் தோளில் கை போட்டபடியே வந்தாள். பைத்தியம் என்ற சொல்லை மட்டும் மனசுக்குள் விடவே இல்லை, அது சுற்றிச் சுற்றி வந்தது.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் அவள் செய்ததுதான் இந்தக் கதையிலேயே மோசமான காரியம். அதைச் செய்யும்போது அது மோசம் என்று அவளுக்கு உறைக்கவும் இல்லை.

"உங்க நைனாகிட்ட சொல்லு," என்றாள். "உனக்குத் தலைல ஒண்ணும் நோவு இல்லியாம், மனசுலதான் கீதாம். அடுத்த வாரம் மென்ட்டல் டாக்டர்கிட்ட இட்னு போறேன்னு சொல்லு."

தன் வியாதியைத் தானே தூக்கிக்கொண்டு ஏஞ்சல் வாசலுக்குப் போனாள். வெகுநேரம் கழித்து வந்தாள். "நைனா சரின்னுச்சும்மா. ஜாக்கிரதயா போய்ட்டு வரச் சொல்ச்சு. உன்ன பயப்பட வேணான்னுச்சு."

ஆலோசகர் பேர் பெருந்தேவி. அது பெருமாள் கோயில் தாயார் பேர், கேட்டதுமே ஷீபாவுக்குக் கொஞ்சம் கூச்சம். காஞ்சிபுரம் கோயில் பக்கத்து ஆட்கள், நாற்று நடுகிற நம்மிடம் உட்கார்ந்தா பேசப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். முப்பது வயது இருக்கும் அந்த அம்மாளுக்கு. மேஜைக்குப் பின்னால் உட்காராமல் நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏஞ்சல், உனக்கு என்ன பண்ணுதுன்னு சொல்றியா?"

"அது நல்லாத்தான் மேடம் இருந்திச்சு," என்றாள் ஷீபா. "படிப்புலயும் கெட்டி."

"ராத்திரி தூக்கம் எப்படிம்மா வருது ஏஞ்சல்?"

"படுத்தா தூங்கிடும் மேடம்."

"ஸ்கூல்ல யாரோட பேசுவே?"

"பூஜான்னு ஒரு பொண்ணு கீது மேடம்."

பெருந்தேவி சிரிக்காமல், கோபிக்காமல், "அம்மா, நீங்க கொஞ்ச நேரம் வெளியில உக்காருங்களேன்" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்த ஷீபாவுக்குப் பேஜாராக இருந்தது. பெற்றவளுக்குத் தெரியாத ரகசியம் என்ன இருக்கிறது அந்தப் பிள்ளையிடம்? கதவுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு அவளைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்கள்.

"இது பைத்தியம் இல்லம்மா. திமிரும் இல்ல," என்றார் பெருந்தேவி. "மனசுக்குள்ள தாங்க முடியாத இறுக்கம் வர்றப்போ சிலருக்குக் கை இப்படிப் போகும். பிடுங்கினதும் ஒரு நிமிஷம் லேசா இருக்கும். அதுக்கப்புறம் வெட்கம். மறுபடி இறுக்கம். அடிச்சாலும் மொட்டை போட்டாலும் நிக்காது."

"அதுக்கு இன்னா மேடம் இறுக்கம்? நாங்க ஒண்ணுமே சொல்றதில்லியே."

"அதைத்தான் கண்டுபிடிக்கப் போறோம். அவ என்கிட்ட சொல்றதை அவ சம்மதம் இல்லாம உங்ககிட்ட சொல்ல மாட்டேன். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் உடனே சொல்வேன். நீங்களும் வீட்டுக்குப் போய், மேடம் என்ன கேட்டாங்கன்னு தோண்டக் கூடாது. முடியுமா?"

முடியும் என்று தலையாட்டினாள். பஸ்ஸில் பாதி வழி வருவதற்குள் கேட்டும்விட்டாள். ஏஞ்சல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த தடவை அறையில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. "உங்க வீட்டுல மூணு பேரும் எப்படி இருக்கீங்களோ, அந்த மாதிரி இதைப் போட்டுக் காட்டு" என்றார் பெருந்தேவி. ஏஞ்சல் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றைச் சுவரோரம் சுவரைப் பார்த்துப் போட்டாள். இன்னொன்றைக் கதவோரம் கதவைப் பார்த்துப் போட்டாள். மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றாள். அதை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். கடைசியில் நாற்காலியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

ஷீபாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்துபோய் வாங்கி வைத்துவிடலாமா என்று கால் பரபரத்தது.

"கை எப்போ முடிக்குப் போகுதுன்னு கவனிக்கச் சொல்லியிருந்தேன்," என்றார் பெருந்தேவி. "அம்மா முன்னாடி சொல்லலாமா?"

ஏஞ்சல் சரி என்று தலையை ஆட்டினாள். "வாசப்படில நிக்கறப்போ மேடம். அம்மா சொன்னத நைனாகிட்ட சொல்லப் போறதுக்கு முன்னாடி. நைனா சொன்னத அம்மாகிட்ட சொல்லப் போறதுக்கு முன்னாடி."

அப்போதுதான் பொருத்தனை விஷயம் வெளியே வந்தது. ஷீபா தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "அத மட்டும் வுட சொல்லாதீங்க மேடம். ஆண்டவருக்குக் குடுத்த வார்த்த" என்றாள்.

"உங்க பொருத்தனையை நான் தொடலம்மா. அவர்கிட்ட பேசுங்கன்னு சொல்லல. ஆனா அந்தப் பொருத்தனை நீங்க பண்ணது. அதைச் சுமக்கறது இவ." பெருந்தேவி குரலை உயர்த்தவில்லை. "அடுத்த வாரம் வரைக்கும் ஏஞ்சல் வழியா ஒரு வார்த்தையும் அனுப்பாதீங்க. அவர்கிட்டயும் நானே போன்ல பேசிச் சொல்றேன்."

அந்த வாரம் அந்த வீட்டில் நடந்ததைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஷீபா தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு நங்கென்று சொம்பால் ஒரு தட்டு தட்டுவாள், சாப்பாடு ரெடி என்று அர்த்தம். டேனியல் ஆட்டிடம் பேச ஆரம்பித்தான். "இன்னா, நாளைக்கு நான் சீவரம் பக்கம் நடவுக்கு சேடை ஓட்டப் போறேன், வர லேட்டாவும், தெரிதா?" ஆடு தழையை மென்றுகொண்டே கேட்டுக்கொள்ளும். அடுப்படியில் ஷீபா, "யாரு எங்க போனா எனுக்கு இன்னா" என்று பானைக்குப் பதில் சொல்வாள்.

ஆனால் ஏஞ்சலுக்குச் சிரிப்பு வரவில்லை. சுமையை இறக்கி வைத்தால் பிள்ளை தெளிவாள் என்று ஷீபா எதிர்பார்த்தாள். பிள்ளை வாடினாள். நாஷ்டா சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனாள், வந்ததும் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். "எதுனா சொல்லணுமாம்மா நைனாகிட்ட?" என்று அவளே வந்து கேட்டாள். "ஒண்ணும் இல்ல, நீ போய்ப் படி" என்றால், "எதுனா சொல்லும்மா, நான் சொல்ட்டு வரேன்" என்று கெஞ்சினாள். நெற்றிக்கு மேல் இருந்த வெற்றிடம் அந்த ஒரு வாரத்தில் இரண்டு மடங்காகிவிட்டது. புருவத்திலும் கை வைத்துவிட்டாள்.

ஷீபாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பெருந்தேவியிடம் போய் ஏறக்குறையச் சண்டையே போட்டாள். "நீங்க சொன்னாமாரிதான் மேடம் செஞ்சோம். முன்னயாச்சும் தலையோட போச்சு. இப்ப பாருங்க மூஞ்சிய!"

பெருந்தேவி ஏஞ்சலின் முகத்தைப் பார்த்தார். "நான் எதையோ தவறவிட்டிருக்கேன்," என்றார். "அடுத்த தடவை அவரும் வரணும். நானே கூப்பிடறேன்."

டேனியல் வருவான் என்று ஷீபா நம்பவில்லை. வந்தான். டிராக்டரை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு, சேறு காய்ந்த கை காலோடு கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரச் சொன்னதும் வாசலை ஒட்டிய நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தான். ஷீபா எதிர்ச்சுவரோரம் போய் உட்கார்ந்தாள். ஏஞ்சல் வழக்கம்போல இருவருக்கும் நடுவில் நாற்காலியை இழுத்தாள்.

"இன்னைக்கு நடுவுல வேணாம்மா," என்றார் பெருந்தேவி. "உனக்குப் பிடிச்ச பக்கம் உக்காரு."

அவள் கொஞ்சம் திகைத்து, நைனாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"குத்தம் கண்டுபிடிக்க உங்களைக் கூப்பிடல," என்று பெருந்தேவி ஆரம்பித்தார். "ரெண்டு வருஷமா ஏஞ்சல் வழியாதான் பேசிக்கிட்டிருக்கீங்க. அதுல கோபம் மட்டுமா இருந்திருக்கும்? நல்ல வார்த்தையும் வந்திருக்குமே. உங்க மனசுல நின்ன ஒண்ணே ஒண்ணைச் சொல்லுங்க. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சொல்ல வேணாம், என்கிட்ட சொல்லுங்க."

எப்போதும்போல ஷீபாதான் முந்திக்கொண்டாள். ஏஞ்சல் விறைத்துப்போனதை அவள் கவனிக்கவில்லை.

"போன வருஷம் நடவு சமயத்துல எனுக்குக் காச்சல் மேடம். எழுந்துக்க முடில. கூலி போச்சுன்னா போவுது, ஆனா நடவுக்குப் போவலன்னா இந்த மனுஷன் இன்னா சொல்வாரோன்னு கெடந்தேன். அப்ப ஏஞ்சல் வந்து சொன்னா. 'அம்மா, நைனா உன்ன நடவுக்குப் போவ வேணான்னு சொல்ச்சு. ஒடம்பு நல்லா இருந்தாதான் எல்லாமே, நான் கீறேன் இல்ல, நான் பாத்துக்கறேன்னு சொல்ச்சு'ன்னு." ஷீபா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான் கீறேன் இல்லன்னு சொன்னாரே மேடம், அந்த ஒரு வார்த்தைலதான் நான் அந்த வூட்ல இருந்துனு கீறேன். இல்லன்னா எப்பவோ எங்கண்ணன் வூட்டுக்குப் போயிருப்பேன்."

டேனியல் தலையைத் தூக்கினான். அவன் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"நான் அப்டி சொல்லலியே மேடம்," என்றான் மெதுவாக. "அன்னிக்கி இதுக்குக் காச்சல்னே எனக்குத் தெரியாது. நடவுக்குப் போவல, வூட்டுல படுத்துனு கீதுன்னு யாரோ சொன்னாங்க. உங்கம்மாவுக்கு இன்னா கொழுப்பான்னு கேட்டு அனுப்புனேன்."

டேனியல் ஷீபாவின் பக்கம் திரும்பாமலே, எதையோ எண்ணிப் பார்க்கிறவன்போலத் தரையைப் பார்த்தான். அவன் குரல் மாறியிருந்தது.

"மேடம், அப்ப என் கூடப்பொறந்த அண்ணன் செத்தப்ப… அடக்கம் முடிஞ்சி வந்து மரத்தடில உக்காந்துனு இருந்தேன். எனக்கு அழுகையே வரல, கல்லுமாரி இருந்தேன். ஏஞ்சல் வந்துச்சு. 'நைனா, அம்மா சொல்லச் சொல்ச்சு, உள்ளயே வச்சிக்காத, அழுதுடு, யாரும் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாங்க'ன்னுச்சு. நான் ஏரிப் பக்கம் போய் அழுது தீத்தேன். இவளுக்கு என்மேல இவ்ளோ கரிசனம் கீதான்னு அன்னிக்குத்தான்…" அவன் நிறுத்தினான். "அதாச்சும் இவ சொன்னதா?"

ஷீபாவுக்கு அந்த நாள் நினைவிருந்தது. நன்றாகவே நினைவிருந்தது. உங்க நைனாகிட்ட சொல்லு, சோறு ஆறுது, வந்து கொட்டிக்கினா பாத்திரம் கழுவலாம். அவள் சொல்லி அனுப்பியது அதுதான். அவள் பெருந்தேவியைப் பார்த்து, இல்லை என்று தலையை அசைத்தாள்.

இருவரும் ஏஞ்சலைப் பார்த்தார்கள்.

"நான்தான் மாத்திச் சொன்னேன்," என்றாள் ஏஞ்சல். திருடி அகப்பட்டுக்கொண்டவள்போல முகம் வெளுத்திருந்தது. "நீங்க சொல்றத அப்டியே போய்ச் சொன்னா சண்ட வரும். அம்மா மாமா வூட்டுக்குப் போய்டும். வாசப்படில நின்னு யோசிப்பேன், இன்னா சொன்னா ரெண்டு பேரும் கோச்சிக்காம இருப்பீங்கன்னு. சில நாளு ஒண்ணுமே தோணாது. நைனா திட்னதுல எத எடுத்து நல்லதா மாத்தறதுன்னே தெரியாது. நேத்து நான் இன்னா சொன்னேன்னு வேற ஞாபகம் வச்சிக்கணும். அப்பதான் மேடம் கை…" அவள் பெருந்தேவியின் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கி நீங்க ஒண்ணும் சொல்லி அனுப்பாதீங்கன்னுட்டீங்க. இனிமே நல்ல வார்த்த யாரு சொல்வாங்கன்னு பயமாயிடுச்சு. நான் பொய் சொல்லிட்டேன் நைனா. சாரிம்மா."

பெருந்தேவிக்கும் இது இப்போதுதான் தெரிந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

ஷீபா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் கீறேன் இல்ல. அதை இந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. காய்ச்சலில் கிடந்த தாய்க்குத் தகப்பன் சொல்ல வேண்டியதை வாசற்படியில் நின்று தானே யோசித்து, தன் தலைமுடியைப் பிடுங்கிப் பிடுங்கி யோசித்து, கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. தான் இரண்டு வருஷமாகச் சாப்பிட்டதெல்லாம் இந்தப் பிள்ளையின் கையிலிருந்துதான். ஷீபாவுக்கு வெட்கமாக இருந்தது. கன்னத்தில் அறை வாங்கிய அன்றைக்குக்கூட இத்தனை வெட்கம் வரவில்லை.

பேசி முடித்த ஏஞ்சல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை தானாக எழுந்தது. தலையில் போட்டிருந்த துப்பட்டாவுக்குள் போய், காதுக்குப் பின்னால் மிச்சமிருந்த முடியைத் தேடத் தொடங்கியது. தேடுவது அவளுக்கே தெரியவில்லை.

டேனியல் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கப் போவதாகவும் தெரியவில்லை. பொருத்தனை அப்படியே முழுசாக இருந்தது. மீறினால் குடும்பத்துக்கு ஆகாது. ஆகாமல் போவதற்கு இனி என்ன மிச்சம் இருக்கிறது என்று ஷீபா நினைத்தாள். அவள் எழுந்து ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்திருக்கலாம். ஆனால் இத்தனை நாளும் அவள் ஒருத்தியாகவே ஓடிப்போய்ப் பிடித்துப் பார்த்தாகிவிட்டது.

"மாமா," என்றாள்.

டேனியல் விருட்டென்று நிமிர்ந்தான். அவளை நேருக்கு நேராகப் பார்த்தான்.

"அவ கைய புடி மாமா."

ஏஞ்சல் சட்டென்று நைனாவின் பக்கம் திரும்பினாள். "நைனா, அம்மா உன்ன…" என்று பழக்கத்தில் சொல்லத் தொடங்கிவிட்டாள். தொடங்கிய பிறகுதான் என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்தது. வாய் பாதியில் நின்றுபோனது.

டேனியல் கையை நீட்டி, அவள் தலையிலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டான்.

"கேட்டுச்சிம்மா," என்றான். "நீ சொல்ல வேணாம். எனக்கே கேட்டுச்சி."